சென்னையில் நண்பர்களோடு ஊர் சுற்ற: எந்த நாள் என்பதை ஊரே குறிக்கட்டும்

நண்பர்கள் கூடி வெளியே செல்லும் திட்டங்கள் இடம் கிடைக்காமல் கெடுவது அரிது. நாள் அமையாமல்தான் கெடுகின்றன. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ‘இந்த மாதம் எங்கேயாவது போகலாமா?’ என்று கேட்கிறார், உடனே எல்லாரும் கட்டைவிரலைத் தூக்குகிறார்கள். எந்த நாள் என்ற கேள்வி எழுந்ததும் ஒருவருக்கு அலுவலகத்தில் மாதக் கடைசி, ஒருவருக்கு மாமனார் வீட்டில் காதுகுத்து, இன்னொருவருக்குப் பிள்ளையின் தேர்வு என்று தடைகள் வரிசைகட்டி நிற்கின்றன. சில வாரங்களில் அந்தப் பேச்சு பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு அடியில் போய்விடுகிறது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. எந்த நாள் என்று நண்பர்களிடம் கேட்காதீர்கள், ஊரிடம் கேளுங்கள். சென்னைக்கென்று ஓர் ஆண்டுச் சுற்று உண்டு. மார்கழியில் கச்சேரி, தையில் புத்தகக் காட்சி, மாசி பங்குனியில் கடலாமை, கோடை இரவுகளில் கூத்து, ஆவணியில் கொடியேற்றம், புரட்டாசியில் கொலு என்று அது யாருடைய விடுப்புக்கும் காத்திராமல் நடந்துகொண்டே இருக்கிறது. அறுபத்துமூவர் உற்சவத்தை நம் வசதிக்காகத் தள்ளிவைக்க முடியாது என்பதே அதில் உள்ள நன்மை. அத்தகைய நாள்களில் ஆண்டுக்கு ஏழெட்டை முன்கூட்டியே குறித்து அறிவித்துவிட்டு, வர முடிந்தவர் வரட்டும் என்று விட்டுவிட்டால், திட்டம் தானே நடக்கும். எல்லாரும் வந்தால்தான் போவோம் என்ற நிபந்தனையை வைத்த குழு எங்கும் போவதில்லை.

ஆள், பணம், வண்டி

ஆறு பேர் என்பது இந்த ஊருக்கு ஏற்ற எண்ணிக்கை. இரண்டு ஆட்டோவில் அடங்கலாம், உணவகத்தில் இரண்டு மேசைகளை இழுத்துப் போட்டு உட்காரலாம், கூட்டத்தில் ஒருவரை ஒருவர் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளலாம். பத்தைத் தாண்டிவிட்டால் குழு தானாகவே இரண்டாகப் பிரிந்து நடக்கும். அப்போது ஒருவருக்காக மற்றவர் நின்று காத்திருப்பதிலேயே பாதிப் பொழுது கழியும்.

ஒவ்வொரு முறையும் ஒருவர் மட்டும் பொறுப்பேற்க வேண்டும். அடுத்த முறை வேறொருவர். பொறுப்பாளர் முடிவு செய்ய வேண்டியவை அதிகமில்லை: எங்கே சேர்வது, எத்தனை மணிக்கு, எத்தனை மணிக்குள் கலைவது. சேரும் இடம் ஒரு ரயில் நிலையத்தின் குறிப்பிட்ட வாசலாக இருப்பது நல்லது. ‘கோயில் பக்கத்தில்’ என்று சொன்னால் மயிலாப்பூரில் ஆளுக்கொரு மாடவீதியில் நின்றுகொண்டு அலைபேசியில் ஒருவரையொருவர் தேடுவார்கள். கால் மணி நேரத்துக்கு மேல் யாருக்கும் காத்திருப்பதில்லை என்றும், தாமதமாக வருபவர் இன்ன இடத்தில் வந்து சேர்ந்துகொள்ளலாம் என்றும் முதலிலேயே சொல்லிவிட்டால் யாருக்கும் வருத்தம் வராது.

பணக் கணக்கில் ஒருவர் செலவழிக்க, இன்னொருவர் எழுத, அன்றிரவே தலைக்கு இவ்வளவு என்று அனுப்பி முடித்துவிட வேண்டும். மறுநாளுக்குப் போன கணக்கு மனத்தாங்கலில் முடியும். குழுவில் எல்லார் வருமானமும் ஒன்றல்ல என்பதையும், கையில் இல்லாதவர் பெரும்பாலும் ‘அன்றைக்கு வேலை இருக்கிறது’ என்றுதான் சொல்வார் என்பதையும் பொறுப்பாளர் மனத்தில் வைக்க வேண்டும். நல்வாய்ப்பாக இந்த ஊரில் பார்க்கத் தகுந்தவற்றில் பாதிக்குமேல் காசில்லாமல் கிடைப்பவை. நாள்களைத் தேர்ந்தெடுக்கும்போதே கட்டணமில்லாதவற்றை அதிகம் சேர்த்துவிட்டால், யாருக்காகச் சேர்த்தோம் என்று சொல்ல வேண்டியிருக்காது.

வண்டியைப் பொறுத்தவரை என் முதல் விருப்பம் ரயில். கடற்கரையிலிருந்து வேளச்சேரிக்குச் செல்லும் பறக்கும் ரயில் சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, திருமயிலை, திருவான்மியூர் என்று சுற்றிப் பார்க்க வேண்டிய இடங்களின் வாசலிலேயே நின்று செல்கிறது. மெட்ரோவில் மண்ணடி, உயர் நீதிமன்றம், நந்தனம் ஆகிய நிலையங்களில் இறங்கினால் வண்டி நிறுத்த இடம் தேடும் தொல்லை இல்லை. இரவில் கலையும் திட்டமென்றால் கடைசி ரயிலின் நேரத்தைப் பொறுப்பாளர் காலையிலேயே பார்த்து வைக்க வேண்டும். தனியாகத் திரும்புகிறவர் வீடு சேர்ந்ததும் குழுவில் ஒரு வரி எழுதும் வழக்கத்தையும் கட்டாயமாக்க வேண்டும். யாரும் வெளிப்படையாகப் பேசாத இன்னொன்று கழிப்பறை. திருவிழா வீதிகளிலும் கடற்கரையிலும் நல்ல கழிப்பறை கிடைப்பது அரிது என்பதால், நூலகம், அருங்காட்சியகம், உணவகம் ஆகியவற்றில் ஒன்றாவது வழியில் அமையும்படி நடையை வகுத்துக்கொள்ளுங்கள். பெண்களும் முதியவர்களும் அடுத்த முறை வருவார்களா மாட்டார்களா என்பது பெரும்பாலும் இதைப் பொறுத்தே இருக்கிறது.

மார்கழி

மார்கழியும் தையும் சென்னையில் பகலிலும் வெளியே நடக்க முடிகிற மாதங்கள் என்பதால், குழு புதிதாகத் தொடங்குகிறதென்றால் இங்கிருந்து தொடங்குவது நல்லது. 1928இல் தொடங்கப்பட்ட மியூசிக் அகாதமி உட்படப் பல சபாக்களில் டிசம்பர் நடுவில் கச்சேரிகள் ஆரம்பித்துவிடும். அட்டவணை முன்கூட்டியே வெளியாகிவிடுவதால் நாள் குறிப்பது எளிது.

சங்கீதம் தெரிந்தவரும் தெரியாதவரும் கலந்த குழுவை மாலைக் கச்சேரிக்கு அழைத்துச் செல்வது இருவருக்கும் செய்கிற தீங்கு. மாலைக் கச்சேரிக்குக் கட்டணம் உண்டு, நீளமும் அதிகம். பாதியில் ஒருவர் அலைபேசியைத் திறக்க, மற்றவர் அவரை முறைக்க, வெளியே வந்ததும் யாரும் எதுவும் பேசமாட்டார்கள். பகல் கச்சேரிகளில் பெரும்பாலும் இளைஞர்கள் பாடுகிறார்கள், பல சபாக்களில் அவற்றுக்குக் கட்டணம் இல்லை, ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் முடிந்தும் விடுகின்றன. ஓரத்து இருக்கைகளில் உட்கார்ந்து, எழ வேண்டுமென்றால் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் எழுங்கள். பாட்டு நின்று மிருதங்கம் தனித்து ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனை நோக்கிக் கூட்டமாக நடப்பது இந்த ஊரின் பழைய வழக்கம். மிருதங்கக்காரர் அன்று முழுவதும் காத்திருந்த நேரம் அது என்பதை நினைத்தால் அந்த வழக்கத்தில் நம் குழுவும் சேர வேண்டியதில்லை.

‘புரியாத மொழியில் பாடுகிறார்கள்’ என்று ஒதுங்குகிற நண்பருக்கு ராஜா அண்ணாமலை மன்றம் ஏற்ற இடம். 1943இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் இசைவிழா அங்கே நடக்கிறது. தமிழ்ப் பாடல்களைக் கேட்கவே மக்கள் அங்கே வருகிறார்கள். உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது.

ஒரு முழு நாளை மயிலாப்பூரிலேயே கழிப்பது மார்கழியின் சிறந்த ஏற்பாடு என்பேன். பொழுது விடியுமுன்னே கபாலீசுவரர் கோயிலின் நான்கு மாடவீதிகளிலும் பஜனைக் குழு வலம் வரும். கீர்த்தனைகள் இயற்றிய பாபநாசம் சிவன் நடத்திவந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. அவர்கள் பின்னால் ஒரு சுற்று நடந்தால், வாசல்களில் அப்போதுதான் தண்ணீர் தெளித்த ஈரத்தில் கோலம் விழுவதையும், மூன்று விரலுக்கிடையே மாவு நழுவி இறங்கும் வேகத்தையும், புள்ளி தவறினால் முந்தானையாலேயே துடைத்து மறுபடி இழுப்பதையும் பக்கத்தில் நின்று பார்க்கலாம். படம் எடுப்பதானால் கோலம் போடுகிற அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். காபி, சிற்றுண்டி, சற்று ஓய்வு, பிறகு பகல் கச்சேரி, அதற்கடுத்து கேன்டீன். பல சபாக்களின் கேன்டீனில் சாப்பிடக் கச்சேரிச் சீட்டு தேவையில்லை. இலைச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டரைக்குப் போனால் உட்கார்ந்திருப்பவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று அவர் மோர் சாதத்துக்கு வரும்வரை காத்திருக்க நேரும். பதினொன்றரைக்கே போய்விட்டால் ஆறு பேரும் ஒரே பந்தியில் உட்காரலாம்.

தை முதல் பங்குனி வரை

பொங்கலை ஒட்டி நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கும் புத்தகக் காட்சிக்கு 1977இலிருந்து வரலாறு உண்டு. நண்பர்களோடு போவதானால் வேலைநாள் பிற்பகலைத் தேர்ந்தெடுங்கள். விடுமுறை நாள் மாலையில் புத்தகத்தின் முதுகைக்கூடப் பார்க்க முடியாது. உள்ளே கூட்டமாகச் சுற்றாதீர்கள். ஒருவர் கவிதை அடுக்கின் முன் அரை மணி நேரம் நிற்பார், இன்னொருவருக்குச் சமையல் புத்தகம் வேண்டும். நுழைந்ததும் பிரிந்து, இரண்டு மணி நேரம் கழித்து உணவுப் பகுதியில் கூடி, வாங்கியதை மேசையில் பரப்பி ஏன் வாங்கினோம் என்று ஆளாளுக்குச் சொல்வது இந்த உலாவின் சுவையான பகுதி. வழக்கமாகக் கிடைக்கும் பத்து சதவீதத் தள்ளுபடியை நம்பித் தூக்க முடியாத அளவுக்கு வாங்குகிறவர் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருப்பார். மெட்ரோ வரை அவருடைய பையை யார் சுமப்பது என்பதையும் அந்த மேசையிலேயே பேசிவிடுங்கள்.

காணும் பொங்கலன்று மெரினா, வண்டலூர், மாமல்லபுரம் ஆகிய மூன்றும் நிரம்பி வழியும். அந்தக் கூட்டத்தையே பார்க்க வேண்டுமென்றால் போகலாம். கரும்பும் கட்டுச்சோறுமாகக் குடும்பம் குடும்பமாக மணலில் அமர்ந்திருக்கும் காட்சிக்கு ஈடில்லை. ஆனால் அன்று கடலில் இறங்கக் காவல்துறை விடாது. குழந்தைகளின் கையில் பெற்றோரின் எண்ணை எழுதிய பட்டையைக் காவலர்கள் கட்டுவார்கள். குழந்தைக்கு அதைக் கட்டாமல் உள்ளே போகாதீர்கள்.

இந்தப் பருவத்தில் ஒரே ஓர் இரவை மட்டும் ஒதுக்க முடியும் என்றால் அதை ஆமைகளுக்குக் கொடுங்கள். ஆலிவ் ரிட்லி எனப்படும் பங்குனி ஆமைகள் ஜனவரி முதல் சென்னைக் கரையில் முட்டையிட ஏறிவருகின்றன. எஸ்.எஸ்.டி.சி.என். என்ற மாணவர் அமைப்பின் தொண்டர்கள் 1988 முதல் இரவுதோறும் கரையில் நடந்து அந்த முட்டைகளைக் காத்துவருகிறார்கள். பருவத்தின்போது வெள்ளி, சனி இரவுகளில் பொதுமக்களும் அவர்களோடு நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நடக்கலாம். அந்த ஆண்டுக்கான அறிவிப்பைப் பார்த்துவிட்டு, குழுவாக வருவதை முன்கூட்டித் தெரிவித்துவிட்டுச் செல்லுங்கள். நள்ளிரவை ஒட்டித் தொடங்கும் நடை விடியற்காலையில்தான் முடியும் என்பதால் மறுநாள் காலை வேறு வேலை வைத்துக்கொள்ளக் கூடாது.

ஆமை ஏறிவந்த தடம் ஈர மணலில் தெளிவாகத் தெரியும்: இரு பக்கமும் துடுப்புக் கால்கள் மணலை வாரித் தள்ளிய வரிசை, நடுவே வயிறு இழுபட்ட வழவழப்பான பட்டை. அலை எட்டாத மேட்டில் அது கலைந்து கிடக்கும் இடத்தில் தொண்டர் ஒருவர் மெல்லிய கோலை மணலில் மெதுவாக ஊன்றிப் பார்ப்பார். இறுகிய மணலில் நின்ற கோல் ஓரிடத்தில் இளகி இறங்கும், அங்கேதான் குழி. அவர் மணலில் படுத்துக்கொண்டு தோள்வரை கையை விட்டுத் தோண்டி, மேசைப்பந்து அளவில், ஓடு மெத்தென்றிருக்கும் முட்டைகளை ஒவ்வொன்றாக எடுப்பார். ஒரு குழியில் ஏறத்தாழ நூறு முட்டைகள் இருக்கும். அவற்றைப் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், அதே குடுவை வடிவில் தோண்டிய குழியில் புதைப்பார்கள். இவ்வளவு பாடும் வெளிச்சத்தால் வந்தது. பொரித்த குஞ்சுகள் இரவில் வெளிச்சமான திசையைக் கடல் என்று கொண்டு நகர்கின்றன. நம் கரையிலோ தெருவிளக்குகள் கடலைவிட வெளிச்சமானவை.

எனவே நடையில் டார்ச், அலைபேசி விளக்கு, ஃபிளாஷ் எதுவும் கூடாது. அடர் நிற ஆடை, தண்ணீர், கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள முடிகிற செருப்பு ஆகியவை போதும். தெருநாய், உடைந்த கண்ணாடி, மீன்பிடி வலை ஆகியவற்றைத் தாண்டி நடக்க வேண்டியிருக்கும் என்பதால் சிறு குழந்தைகளை அழைத்து வராதீர்கள். அரட்டையடிக்கும் நண்பர்களை இந்த ஒரு நடைக்கு மட்டும் விட்டுவிட்டு வந்தால் மற்றவர்கள் உங்களை வாழ்த்துவார்கள். ஆமையைக் காணாமலே திரும்பும் இரவுகள் பல. இறந்து ஒதுங்கிய ஆமையைக் காண நேரலாம். மூச்சுக்கு மேலே வர வேண்டிய உயிரினம் இழுவை வலையில் சிக்கினால் மூழ்கிச் சாகிறது. 2025 ஜனவரியில் இந்தக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. இதை முன்பே சொல்லி அழைத்துச் செல்வதுதான் முறை. குழந்தைகள் இருக்கும் வீட்டார்க்கு மார்ச், ஏப்ரல் மாலைகளில் பெசன்ட் நகர்ப் பொரிப்பகத்தருகே குஞ்சுகளைக் கடலில் விடுவதைக் காட்டலாம். விடும் நாளைக் கேட்டு உறுதிசெய்துகொண்டு, கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும்.

பறவைகளுக்கும் இதுவே காலம். ஊருக்குள்ளேயே, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்பில் பூநாரைகளைத் துரைப்பாக்கம் சாலையோரத்திலிருந்தே பார்க்கலாம். பைனாகுலர் இருப்பவர் ஒருவர் வந்தால் போதும். வேடந்தாங்கல் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால் வேன் அமர்த்த வேண்டும். அங்கே ஏரி மரங்களில் நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், கூழைக்கடா எல்லாம் கூடு கட்டுகின்றன. ஊர்மக்கள் அந்தப் பறவைகளைக் காப்பதற்கு 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கலெக்டரிடம் உரிமை பெற்றிருந்தார்கள். மழை பொய்த்த ஆண்டில் ஏரி வறண்டு பறவைகள் வாரா என்பதால், வேனுக்கு முன்பணம் கொடுக்குமுன் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரியுங்கள். பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் மீனவரிடம் காசு கொடுத்து ஏரியில் படகேறும் ஆசையை விட்டுவிட வேண்டும். 2011 டிசம்பர் 25 அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். கரையிலிருந்தே பூநாரைகளும் டச்சுக்காரர் கல்லறைகளும் பார்க்கக் கிடைக்கின்றன.

பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் பிற்பகலில் அறுபத்துமூன்று நாயன்மார்களும் கபாலீசுவரரோடு மாடவீதிகளில் எழுந்தருள்கிறார்கள். வெயிலும் நெரிசலும் கடுமையாக இருக்கும். திருமயிலை நிலையத்தில் இறங்கி, ஊர்வலத்தோடு நகராமல், ஒரு வீட்டுத் திண்ணையையோ கடைப் படியையோ கேட்டு இடம்பிடித்து நின்றுகொள்ளுங்கள். நாயன்மார்கள் உங்களிடம் வருவார்கள். வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தலும் நீர்மோரும் புளியோதரையும் கிடைக்கும். ஆளுக்கொரு டம்ளரைப் பையில் கொண்டுபோனால், மாலையில் வீதியெங்கும் மிதிபடும் காகிதக் குவளைகளில் உங்கள் பங்கு இருக்காது.

ரமலான் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்வதால் அதை எந்தப் பருவத்திலும் அடைக்க முடியாது. அது எப்போது வந்தாலும் ஒரு மாலையைத் திருவல்லிக்கேணிக்கு ஒதுக்குங்கள். 1795இல் கட்டப்பட்ட வாலாஜா பள்ளிவாசலில் நோன்பு திறக்க வருவோர்க்குச் சூஃபிதார் என்ற மயிலாப்பூர் அறக்கட்டளையின் சிந்தி இந்துத் தொண்டர்கள் பல்லாண்டுகளாக உணவு பரிமாறிவருகிறார்கள். நோன்பு நோற்கும் நண்பர் ஒருவர் குழுவில் இருந்தால் அவரையே அன்றைய பொறுப்பாளராக்கி, அவர் சொல்லும் நேரத்துக்கும் அவர் காட்டும் கடைக்கும் போவதுதான் மரியாதை. இரவு உணவுக்கு மண்ணடி வரை நடக்க விரும்புகிறவர்கள் மாலையில் வயிற்றைக் காலியாக வைத்திருக்க வேண்டும்.

கோடை

சித்திரை பிறந்ததும் காலை ஒன்பதுக்கும் மாலை ஐந்துக்கும் இடையே வெளியே எந்தத் திட்டமும் வேண்டாம். அந்த நேரத்தில்தான் கூட வேண்டுமென்றால் எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத்திருமேனிக் கூடத்துக்குச் செல்லுங்கள். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரும் திருவாலங்காட்டு நடராசரும் அங்கேதான் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகா என்பதால் கடற்கரையில் மீன் விருந்து என்று திட்டமிடுவோர் தடைக்காலம் முடியும்வரை காத்திருந்து, பிறகு ஒரு வேலைநாள் விடியற்காலையில் காசிமேட்டுக்குச் செல்லலாம். ஞாயிற்றுக்கிழமை அங்கே கால் வைக்க இடம் இருக்காது.

கோடைக்கு என் பரிந்துரை இரவுக் கூத்து. காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா இந்த மாதங்களில்தான் நடக்கிறது. பகலில் பாரதம் படிப்பார்கள், இரவு முழுக்கத் தெருக்கூத்து ஆடுவார்கள். அர்ச்சுனன் தபசு நடக்கும் நாளில் வேடக்காரர் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுகிறார். கடைசி நாள், போரின் முடிவை நடித்துக் காட்டும் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் ஒரு மைதானத்தையே அடைத்துக்கொண்டு கிடப்பான். அந்தப் பக்கத்தைச் சேர்ந்த நண்பரோ அலுவலகத் தோழரோ ஒருவர் இருந்தால் நாளைச் சொல்லிவிடுவார். உட்காரப் பாய், குடிக்கத் தண்ணீர், விழித்திருக்கும் ஓட்டுநர் ஆகிய மூன்றும் உறுதியானால் புறப்படலாம். இரவெல்லாம் கூத்துப் பார்த்தவரே விடியலில் வண்டி ஓட்டக் கூடாது.

ஆடி முதல் மழை வரை

ஆகஸ்டு 22 சென்னையின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுகிறது. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இடம் கிடைத்த நாள். 2004 முதல் அதையொட்டி ஊரெங்கும் நடக்கும் மரபு நடைகளில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டணமில்லை என்றாலும் பதிவு சீக்கிரம் நிறைந்துவிடும். பதிவு கிடைக்காவிட்டால் நீங்களே ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, ஆளுக்கொரு கட்டடத்தைப் பற்றிப் படித்துவந்து வாசலில் நின்று சொல்லலாம். புனித ஜார்ஜ் கோட்டைக்குள் 1680இல் திறக்கப்பட்ட புனித மேரி தேவாலயத்திலிருந்து தொடங்குவது எளிது. உள்ளே நுழைய அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

ஆகஸ்டு 29 கொடியேற்றத்தில் தொடங்கி செப்டம்பர் 8 வரை பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில் திருவிழா. காவியுடையில் கால்நடையாக வரும் கூட்டத்தோடு ஒரு மாலை நடந்து, கடற்கரையில் மாங்காயும் சுண்டலும் வாங்கித் தின்று திரும்பலாம். புரட்டாசியில் சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து திருப்பதிக்குப் புறப்படும் திருக்குடைகள் யானைகவுனியைத் தாண்டுவதைக் காணப் பிற்பகலிலேயே இடம்பிடிக்க வேண்டும். நவராத்திரியில் ஒன்பது நாளில் ஒரு நாளை மட்டும் எடுத்துக்கொண்டு, நடந்து போகும் தூரத்தில் உள்ள நண்பர் வீடுகளாக நான்கைத் தேர்ந்து, போகும் நேரத்தை முன்பே சொல்லிவிட்டுச் செல்லுங்கள். நான்கு வீட்டுச் சுண்டலே இரவு உணவாகிவிடும். பாடச் சொன்னால் பாட ஒருவரையாவது அழைத்துப் போவது நலம்.

ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக்கு உரியவை. ஊரின் ஆண்டு மழையில் பெரும்பங்கு இந்த மாதங்களில்தான் கொட்டுகிறது. 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் கண்டவர்க்கு விளக்கத் தேவையில்லை. இந்தக் காலத்துக்கு ஒரே விதி: வானிலை மையம் ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை விடுத்தால் விவாதமின்றி ரத்து. முடிவை முதல்நாள் இரவு எட்டு மணிக்குள் பொறுப்பாளர் ஒருவரே சொல்லிவிட வேண்டும். காலையில் எழுந்து வானத்தைப் பார்த்துச் சொல்கிறேன் என்றால் தாம்பரத்திலிருந்து வருகிறவர் பாதி வழியில் நிற்பார். எச்சரிக்கை இல்லாத சாதாரண மழைநாளென்றால் யாராவது ஒருவர் வீட்டில் கூடிப் பஜ்ஜி போடலாம், கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ஒரு பகலைக் கழிக்கலாம். ரத்தான திட்டத்துக்கு உடனே மாற்று நாள் தேடி வாக்கெடுப்பு நடத்தாதீர்கள். பட்டியலில் அடுத்துள்ள நாளுக்கு நேராகப் போய்விடுங்கள். வேனுக்குக் கொடுத்த முன்பணம் திரும்பி வராது என்றால் அது பொறுப்பாளரின் நட்டமல்ல. வருவதாகச் சொன்ன அனைவரும் அன்றிரவே தலைக்கு இவ்வளவு என்று பகிர்ந்து அவருக்கு அனுப்பிவிட வேண்டும்.